பிளவுக்கோடா, பிரிமட்டமா?

> 'டிவைடிங் ஸ்ட்ரீம்லைன் ஹைட்' என்பதற்குப் 'பிளவுக்கோட்டு உயரம்' என்று வைக்கலாமா?

ஐயா, மலையை நோக்கி வரும் காற்று சுற்றிப் போவதும் தாண்டிப் போவதும் பிரிகிற உயரத்துக்குத்தானே பெயர் கேட்கிறீர்கள்? பிளவு என்றதும் எனக்கு நிலநடுக்கம்தான் நினைவுக்கு வருகிறது. பாறை ஆட்கள் அந்தச் சொல்லை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அவர்களிடமே இருக்கட்டும்.

போகி அன்று விடியற்காலையில் இங்கே வேலூரில் சத்துவாச்சாரி பக்கம் வந்தால் விஷயம் கண்ணிலேயே தெரியும். டயர் எரித்த புகை மலை ஏறாமல் அடிவாரத்திலேயே பட்டையாகப் படுத்துக் கிடக்கும், வெயில் வந்தால்தான் கலையும். இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடுகிறது. மெல்ல வீசும்போது மேலே ஏறத் தெம்பில்லாமல் மலையைச் சுற்றிப் போகிறது, இல்லையென்றால் முட்டித் தேங்குகிறது. உச்சிக்குப் பக்கத்தில் வரும் காற்றுக்கோ ஏற வேண்டியது கொஞ்சம்தான், தாண்டிவிடும். சுற்றுவதும் தாண்டுவதும் எந்த உயரத்தில் பிரிகிறதோ அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

கணக்கும் எளிது. காற்றின் வேகத்தை, மிதப்பு அதிர்வெண்ணையும் (மேலே தள்ளிய காற்று திரும்ப வந்து ஊசலாடும் வேகம்) மலை உயரத்தையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் ஃப்ரூட் எண். 1-இல் அதைக் கழித்து, மலை உயரத்தால் பெருக்க வேண்டும். 300 மீட்டர் மலை, நொடிக்கு 2 மீட்டர் காற்று, மிதப்பு அதிர்வெண் நொடிக்கு 0.02 என்று வைத்துக்கொண்டால் ஃப்ரூட் எண் மூன்றில் ஒன்று, விடை 200 மீட்டர். புகைபோக்கியைப் பத்து மீட்டர் உயர்த்துகிறோம் என்று ஆலைக்காரர் சொன்னாலும், புகை அந்த 200 மீட்டருக்குக் கீழேயே இருந்தால் அப்படிப்பட்ட இரவில் பெரிதாக ஒன்றும் மாறாது. 2005-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஏற்றுக்கொண்ட ஏர்மாட் என்ற, புகை பரவுவதைக் கணிக்கும் கணினி மாதிரியும் இந்த உயரத்தை வைத்துத்தான், மலையில் நேராக மோதும் புகைக்கு எவ்வளவு பங்கு, மேடுபள்ளத்தோடு ஏறி இறங்கும் புகைக்கு எவ்வளவு பங்கு என்று முடிவு செய்கிறது.

'ஸ்ட்ரீம்லைன் ஃப்ளோ'வுக்குப் பாடப்புத்தகத்தின் 'வரிச்சீர் ஓட்டம்' இருக்கிறதே, அதை நீட்டிப் 'பகுக்கும் வரிச்சீர் உயரம்' ஆக்கலாம் என்பவர்களுக்கு ஒன்று: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2006 அறிவிக்கை சொல்கிறது. ராணிப்பேட்டையில் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வருபவர் இந்தத் தொடரை வைத்துக்கொண்டு என்ன கேள்வி கேட்பார்?

'காற்று வகிடு' எனக்கும் ஆசைதான். ஆனால் வகிடு இடம் வலமாகப் பிரிப்பது, நமக்கு வேண்டியது மேல் கீழ்.

அதனால் என் ஓட்டு 'பிரிமட்டம்'. கடல்மட்டம், நீர்மட்டம் வரிசையில் அலட்டாமல் உட்கார்ந்துகொள்ளும். 'உயரம்' என்று தனியாக ஒட்டவும் தேவையில்லை. மழைநீரை இரு பக்கமாகப் பிரிக்கும் நீர்ப்பிரிமேட்டோடு குழம்பும் என்றால், அது மேடு, இது மட்டம், அவ்வளவுதான். 'இன்றிரவு பிரிமட்டம் 200 மீட்டர்', 'வெயில் ஏறினதும் பிரிமட்டம் மறைந்துவிடும்' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. அப்புறம், அதற்குக் கீழே போவதைச் 'சுற்றோட்டம்' என்றால் ரத்தச் சுற்றோட்டம் குறுக்கே வருகிறது. அதற்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.