முதல் தடவை ஆப்பிள் சைடர் (ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்த மது) போட்டவர்கள் வாங்க, என்ன ஆச்சு?

காந்தளூர்க்காரன்:
போன சீசனில் கீழே உதிர்ந்த ஆப்பிள், சின்னது, புளிப்பு, வாங்க ஆள் இல்லை. நாலு லிட்டர் சாறு பிழிந்து ஈஸ்ட் போட்டேன். மூன்று நாள் நுரை பொங்கியது. அடங்கியதும் முடிந்தது என்று கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, இறுக்கி மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஆறாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு டமார்! அம்மா யானை வந்துவிட்டது என்று விளக்கை அணைத்துக் கதவைத் தாழ்போட்டாள். இருட்டில் காலைக் கீழே வைக்கிறேன், ஈரம், சில்லு, பழ வாசம். விடிந்ததும் கட்டிலடியைக் கூட்டினவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கம்பம் பன்னீர்:
எனக்கு வெடிக்கவே இல்லை. கடை டப்பா ஜூஸ், பாட்டில் வாயில் ஊசித்துளை போட்ட பலூன். ஒன்பது நாளும் பலூன் வாடிய கத்தரிக்காய் மாதிரித் தொங்கியது. அப்புறம்தான் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் பொட்டாசியம் சார்பேட் என்று படித்தேன். ஈஸ்ட்டைப் பெருக விடாத சரக்கு. வருஷா வருஷம் எங்க ஊர்த் திராட்சையில் கிறிஸ்துமஸ் ஒயின் போடுகிற குமுளிச் சித்தி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

செங்கோட்டை மாமா:
காந்தளூர்த் தம்பி, நுரை அடங்கினால் முடிந்தது என்று யார் சொன்னது? மிச்சச் சர்க்கரையை ஈஸ்ட் மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும், கேஸ் போக வழியில்லை என்றால் வெடிக்காமல் என்ன செய்யும்? ஹைட்ரோமீட்டர் வாங்கு, சாற்றின் அடர்த்தியைக் காட்டும் மிதவை அது. ஈஸ்ட் போடுமுன் சாறு 1.050 காட்டினால், 1.000 பக்கம் இறங்கி மூன்று நாள் அசையாமல் நிற்க வேண்டும். வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கு, ஆறரை சதவீதம் ஆல்கஹால். கேஸ் வேண்டுமென்றால் சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்று, கட்டைவிரலால் அமுக்கிப் பார், கல்லு மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜில் வை. ரொட்டி ஈஸ்ட் வேண்டாம், அடியில் சரியாகப் படியாது. நான் போட்டது ஒரே தடவை, சுமார்தான்.

உடுமலை பஸ்:
மாமா, ஹைட்ரோமீட்டர் கிடக்கட்டும். கேரளத்தில் மதுவுக்கான அப்காரிச் சட்டம், இங்கே தமிழ்நாட்டில் 1937 மதுவிலக்குச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் போட்டாலும் ரெண்டு பக்கமும் வழக்குதான். தெரியாமல் ஒரு பாட்டிலைப் பையில் வைத்து மறையூரிலிருந்து ஏறிவிட்டேன். சின்னார் செக்போஸ்ட்டில் பை உஸ்ஸென்று சீறுகிறது. "எந்தா இது?" என்றார் செக்போஸ்ட்காரர். "ஆப்பிள் ஜூஸ் சேட்டா, கெட்டுப்போச்சு." மூடியைத் திறந்ததும் அவர் சட்டைப் பொத்தான் வரைக்கும் நுரை. முகர்ந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார். ரோட்டோரம் கொட்டச் சொன்னார். பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்து வேடிக்கை பார்த்தது.