பிக்காச்சு பதிப்பு கேம் பாய் கலரில் புதுத் திரை மாட்டலாமா?

மஞ்சள்பெட்டி
1999-இல் அமெரிக்காவில் போக்கிமான் யெல்லோ கேமுடன் சேர்த்து விற்கப்பட்ட சிறப்புப் பதிப்பு கேம் பாய் கலர் (நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி) என் கைக்கு வந்திருக்கிறது. முகப்பு மஞ்சள், முதுகு நீலம். ஆன் செய்தால் எரியும் சிவப்பு விளக்குதான் பிக்காச்சுவின் கன்னம். அங்கே வளர்ந்த என் பெரியம்மா மகள் சின்ன வயதில் விளையாடியது. கேம் இருக்கும் கார்ட்ரிட்ஜில் அவள் சேமித்து வைத்த ஆட்டம் (சேவ்) இன்னும் திறக்கிறது. ஆனால் திரைக்குப் பின்னால் விளக்கு (பேக்லைட்) இல்லாததால் ராத்திரியில் ஒன்றுமே தெரியவில்லை. பின்விளக்குள்ள புது ஐபிஎஸ் திரை மாட்டலாமா, அப்படியே விட்டுவிடவா?

அசல்மட்டும்
மாட்டாதீர்கள் நண்பரே. அந்தக் கேமின் நிறங்களே அந்தத் திரைக்காகப் போட்டவை. யெல்லோவின் ஜப்பான் பதிப்பு 1998 செப்டம்பரில் வந்தது, கேம் பாய் கலருக்கு ஒரு மாதம் முன்பு. அதில் இந்தக் கருவிக்கென்று தனி நிறங்கள் கிடையாது. வெளிநாட்டுப் பதிப்பில்தான் சேர்த்தார்கள். கேமில் வரும் செருலியன் நகருக்குள் போனால் திரை நீலமாகும், லாவெண்டர் ஊரில் ஊதாவாகும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் காட்டும் பழைய திரையில் அவை மங்கலாக, இதமாக இருக்கும். ஐபிஎஸ் திரையில் அதே நிறங்கள் கண்ணைக் குத்தும். சில திரைகளுக்கு உள்பக்கப் பிளாஸ்டிக்கை வெட்டவும் வேண்டும். அந்த வெளிக்கூட்டை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

ஒளித்திரை
இதமாக இருக்கும் என்கிறீர்கள், சரி. யாருக்கு? மத்தியான வெயிலில் உட்கார்ந்து விளையாடுபவருக்குத்தானே? திரை தெரியவில்லை என்ற குறை 1989-இல் முதல் கேம் பாய் வந்த நாளிலிருந்தே உண்டு. 1998-இல் நின்டெண்டோவே ஜப்பானில் கேம் பாய் லைட் என்று விளக்கோடு ஒன்றை விட்டது. பேட்டரியும் விலையும் கட்டுப்படியாகாமல்தான் கலரில் விளக்கு வைக்கவில்லை என்பது என் எண்ணம். இன்று வெட்டாமல் உட்காரும் திரைகள் கிடைக்கின்றன. பழைய ரிப்பன் கேபிளைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும். செல் கொஞ்சம் சீக்கிரம் தீரும், அதற்கு ரீசார்ஜ் செல் போட்டுக்கொள்ளலாம். விளையாடாத கருவியை அலமாரியில் வைத்து யாருக்கு என்ன லாபம்?

அசல்மட்டும்
வெளிச்சம்தான் வேண்டும் என்றால் 2003-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியில் இதே கார்ட்ரிட்ஜ் ஓடும். ராத்திரிக்கு அது, பகலுக்கு இது. சிறப்புப் பதிப்பைத் தொடவே வேண்டாம்.

ஒளித்திரை
அதில் பிக்காச்சுவின் கன்னம் எரியாதே! இந்தக் கேமையும் இந்தப் பெட்டியையும் ஒன்றாகத்தானே விற்றார்கள்? பிரித்து வைத்தால் அப்புறம் எதற்குச் சிறப்புப் பதிப்பு?

சேவ்காவலன்
இரண்டு பேருமே திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். திரை இன்னும் இருபது வருஷம் இருந்தாலும் இருக்கும். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பட்டன் செல்தான் அவசரம். யெல்லோவில் சேவ் 32 கிலோபைட் நினைவகத்தில் இருக்கிறது. அதற்கு இடைவிடாமல் துளி மின்சாரம் வேண்டும். செல் தீர்ந்த அன்று சேவ் மொத்தமும் போய்விடும், முன்னறிவிப்பு எதுவும் வராது. 25 வருஷம் தாண்டிய செல் இன்னும் வேலை செய்வதே அதிர்ஷ்டம். திரையை விட்டுவிட்டு முதலில் இதைப் பாருங்கள்.

கேபிள்வழி
அடுத்த தலைமுறைக் கேமான போக்கிமான் கோல்டு அல்லது சில்வர் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கி, இரண்டு கருவிகளை இணைக்கும் லிங்க் கேபிள் போட்டு, பழைய கேமோடு பரிமாற உதவும் டைம் கேப்சூல் வசதி வழியாக எல்லாப் போக்கிமானையும் மாற்றிவிட்டால்? செல்லை மாற்றச் சால்டரிங் (சூட்டுக்கோலால் ஒட்டுவது) தேவையே இல்லையே.

சேவ்காவலன்
ஐயோ, வேண்டாம். கோல்டு, சில்வரில் கடிகாரமும் அதே செல்லில்தான் ஓடுகிறது. அவை யெல்லோவை விடச் சீக்கிரம் தீரும். அங்கிருந்து கேம் பாய் அட்வான்ஸ் கேம்களுக்குக் கொண்டுபோக அதிகாரபூர்வமான வழியும் கிடையாது. 2016-இல் நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வந்த யெல்லோவிலிருந்து போக்கிமான் பேங்க் என்ற இணையச் சேமிப்புக்கு அனுப்ப முடிந்தது. பழைய கார்ட்ரிட்ஜிலிருந்து அந்த வழியும் இல்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. யெல்லோவில் பிக்காச்சு, போக்கிமானை அடைத்து வைக்கும் பந்துக்குள் போக மறுத்து நம் பின்னாலேயே நடந்து வரும். திரும்பிப் பார்த்துப் பேசினால் அதன் முகம் தெரியும். பரிணமிக்க வைக்கும் தண்டர் ஸ்டோன் கல்லைக் கொடுத்தால் வாங்காது. அதன் பாசத்துக்கு ஓர் எண் உண்டு. 90-இல் தொடங்கும், 255 வரை போகும். மருந்து கொடுத்தால் ஏறும், சண்டையில் மயங்கி விழுந்தால் இறங்கும், கேமுக்குள் இருக்கும் கணினிப் பெட்டியில் போட்டாலும் இறங்கும். முதல் தலைமுறைப் போக்கிமானின் தரவில் பாசத்துக்கு இடமே இல்லாததால், இந்த எண் பிக்காச்சுவோடு சேராமல் சேவில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. லிங்க் கேபிளில் அதன் லெவல், தாக்குதல்கள் போன்றவைதான் போகும். உங்கள் அக்கா அதை எப்படி வளர்த்தார் என்பது இந்தக் கார்ட்ரிட்ஜை விட்டு வெளியே வராது. சேவ் முழுவதையும் நகல் எடுப்பது ஒன்றுதான் வழி.

மஞ்சள்பெட்டி
இது எனக்குத் தெரியாது. அக்காவின் பிக்காச்சு சந்தோஷமாகச் சிரிக்கிறது, இப்போதுதான் பேசிப் பார்த்தேன். நகல் எப்படி எடுப்பது?

சேவ்காவலன்
கேம் பாய் கார்ட்ரிட்ஜைக் கணினியில் படிக்கும் யூஎஸ்பி ரீடர் கிடைக்கும். முதலில் கார்ட்ரிட்ஜின் முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலர விடுங்கள். சேவ் தரவை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் செல்லை மாற்றிவிட்டு சேவ் கோப்பைத் திரும்ப எழுதலாம். புதுச் செல்லை, சால்டர் செய்ய உலோகக் காலோடு வரும் வகையாக வாங்குங்கள். டேப் போட்டு ஒட்டினால் கொஞ்ச நாளில் தொடர்பு விட்டுப்போய் சேவ் அழிந்துவிடும்.

அசல்மட்டும்
நகல் எடுப்பதை முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் அத்தோடு நிறுத்தலாமே? பழகாத கை சால்டரிங் சூட்டுக்கோலை அந்தச் சர்க்யூட் பலகையில் வைப்பது சரியில்லை.

சேவ்காவலன்
ஒத்துக்கொள்ள மாட்டேன். செத்த செல் உள்ளேயே கிடந்தால் கசிந்து பலகையைத் தின்னலாம். பழகாத கை என்றால் செல்போன் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், அவர்களுக்கு இது சின்ன வேலை.

ஒளித்திரை
செல் விஷயத்தில் நானும் இவர் கட்சி. அதற்காகத் திரையை விட்டுக்கொடுக்க மாட்டேன். சிரிக்கிற பிக்காச்சுவைப் பார்க்க வெளிச்சம் வேண்டாமா?

மஞ்சள்பெட்டி
இந்த வாரம் ரீடர் வாங்குகிறேன். நகல் சரியாக வந்த பிறகுதான் செல்லைத் தொடுவேன். திரையைப் பற்றி அக்காவிடம் கேட்க வேண்டும், பெட்டி அவளுடையது.

அசல்மட்டும்
கேட்கும்போது வெட்ட வேண்டியிருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒளித்திரை
வெட்டத் தேவையில்லாத திரை இருக்கிறது என்பதையும்! மாட்டினால் பழைய திரையைத் தூக்கிப் போடாதீர்கள். காகிதத்தில் சுற்றி ஒரு டப்பாவில் வையுங்கள். அவளுக்குப் பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.