சினிமா, சீரியல் இரண்டிலும் ராதிகா மாதிரி தயாரிப்பாளராக நிற்பது எப்படி?

பஞ்சுமில்தெரு:

வணக்கம். விஸ்காம் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது, கோவையில் ஒரு விளம்பரப் படக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எனக்கு டைரக்‌ஷன் ஆசை இல்லை, நடிப்பு ஆசையும் இல்லை. தயாரிப்பாளர் ஆக வேண்டும். வீட்டில் சொன்னால் அப்பா உடனே "நம்மகிட்ட ஏதும்மா அவ்வளவு பணம்?" என்கிறார். பணம் போடுகிறவர்தான் தயாரிப்பாளர், அவ்வளவுதான் அவர் கணக்கு.

இந்த ஆசை வந்ததே ராதிகாவால்தான். சித்தி சீரியல் ஓடியபோது நான் கைக்குழந்தை, ஆனால் செல்லமே, வாணி ராணி எல்லாம் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தேன். டைட்டிலில் நடிகை பெயரும் தயாரிப்பாளர் பெயரும் ஒன்றாக இருப்பதை முதலில் காட்டியது பாட்டிதான். "பாரு, முதலாளியும் அவதான்" என்பார். அது மனதில் அப்படியே தங்கிவிட்டது.

கேள்வி இதுதான். ஒரு நடிகை இத்தனை வருடம் தயாரிப்பில் நிற்க முடிந்தது எதனால்? தயாரிப்பாளர் தினமும் உண்மையில் என்ன வேலை செய்கிறார்? பணம் இல்லாத ஒருவர் இதில் நுழைய வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாலிகிராமம்வாசி:

2001 முதல் ஒன்பது வருடம் சீரியல் புரொடக்‌ஷனில் இருந்தேன். ராதிகாவின் கம்பெனியான ராடானில் இல்லை, வேறு சின்னக் கம்பெனிகளில். ஆனாலும் அந்தக் காலத்தில் எங்கள் எல்லாருக்கும் அளவுகோல் ராடான்தான்.

ராதிகா தயாரிப்புக்கு வந்ததே சித்தியில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1985லேயே மீண்டும் ஒரு காதல் கதை படத்தைத் தயாரித்தவர் அவர். பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படம், அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அதாவது ஹீரோயினாக ஓடிக்கொண்டிருந்த நேரத்திலேயே ஒரு புது ஆளை நம்பிப் படம் எடுத்திருக்கிறார். தயாரிப்பாளருக்கு வேண்டிய முதல் குணம் அதுதான் என்பேன், பணம் அப்புறம்.

சரி, சீரியலுக்கு வருகிறேன். சித்தி 1999 கடைசியில் தொடங்கியது. அன்று நடந்த முறை என்னவென்றால், சேனலுக்கு நாம் ஸ்லாட் கட்டணம், அதாவது ஒளிபரப்பு நேரத்துக்கான கட்டணம், கட்ட வேண்டும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு எபிசோடிலும் இத்தனை விநாடி விளம்பர நேரம் நமக்கு என்று தருவார்கள், எஃப்சிடி என்போம். அதைப் பத்துப் பத்து விநாடியாக விளம்பர ஏஜென்சிகளிடம் விற்றுத்தான் கட்டணம், நடிகர் சம்பளம், ஷூட்டிங் பங்களா வாடகை, பேட்டா என்கிற தினப்படி எல்லாம் எடுக்க வேண்டும். இதில் பெரிய சிக்கல் எங்கே என்றால், கட்டணம் இன்று கட்ட வேண்டும், ஏஜென்சி பணம் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும். சீரியல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி மூச்சுத் திணறும். நான் இருந்த ஒரு கம்பெனி அப்படித்தான் படுத்தது. ரேட்டிங் நன்றாகவே இருந்தது, ஆனால் லைட்மேன்களுக்கு மூன்று வாரம் பேட்டா பாக்கி. அவர்கள் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொன்னவன் நான்தான், இன்றைக்கும் அதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

இந்த முறையில் ஒரு பெரிய லாபமும் இருந்தது. உரிமை தயாரிப்பாளரிடம் தங்கும். சித்தி தெலுங்கில் பின்னி என்று ஓடியது. ராடானின் பழைய சீரியல்களை இன்றும் அவர்கள் யூடியூபில் பார்க்கலாம். இப்போது பெரும்பாலும் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவிடுகிறது. ரிஸ்க் குறைவு, ஆனால் உரிமை அவர்களுடையது.

தினமும் என்ன வேலை என்று கேட்டீர்கள். நாளைய எபிசோட் கையில் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. தொடங்கும்போது பத்து எபிசோட் முன்கூட்டியே எடுத்து பேங்க் வைத்திருப்போம், மூன்றாவது மாதம் அது ஒன்றாகிவிடும். ஒரு தடவை பங்களா ஓனர் வீட்டில் கல்யாணம், இரண்டு நாள் உள்ளே விட மாட்டேன் என்றுவிட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு ரைட்டரைக் கூப்பிட்டு, கதையில் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஏனென்றால் அந்த செட் மட்டும்தான் காலியாக இருந்தது. இன்னொரு நாள் எடிட்டிங், மிக்ஸிங் முடிய மாலை ஏழு, ஒன்பது மணிக்கு டெலிகாஸ்ட், வெளியே கொட்டுகிற மழை. எபிசோட் பதிவான பீட்டா டேப்பை இரண்டு பாலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்து, வடபழனியிலிருந்து பைக்கில் கிளம்பினேன். கோடம்பாக்கம் பாலத்தின் அடியில் வண்டி நின்றுவிட்டது, தள்ளிக்கொண்டே ஓடினேன்.

இதை வருடக் கணக்காக இடைவிடாமல் செய்வதை யோசித்துப் பாருங்கள். சித்தி, அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி. வாணி ராணி மட்டும் 2013லிருந்து 2018 வரை, 1,700 எபிசோடுக்கு மேல், அதில் அவருக்கு இரட்டை வேடம் வேறு. காலையில் மேக்கப் போட்டு நடிக்கிறவரே மாலையில் அடுத்த மாதக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

நெகட்டிவ்பெட்டி:

மேலே அண்ணன் எழுதியது எல்லாம் சரி, ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ராதிகா 1978ல் கிழக்கே போகும் ரயிலில் அறிமுகமானவர், எம்.ஆர். ராதாவின் மகள், சீரியலுக்கு வரும்போது இருபது வருட முகம். அவர் முகத்தை வைத்தே விளம்பரம் விற்கலாம். நமக்கு அது கிடையாது.

சினிமா பக்கம் என் சித்தப்பா ஒரே ஒரு படம் எடுத்தார், அதை வைத்துச் சொல்கிறேன். அங்கே எல்லாம் ஒரு வியாழக்கிழமை ராத்திரியில் முடிவாகும். வட்டிக்குக் கொடுத்த ஃபைனான்சியர் கையெழுத்துப் போட்டால்தான் பிரிண்ட் லேபை விட்டு வெளியே வரும். இப்போது பிரிண்ட் இல்லை, தியேட்டரில் டிஜிட்டல் படத்தைத் திறக்கிற கேடிஎம் சாவி, ஆனால் அதே ராத்திரிதான். சித்தப்பா விடிய விடிய லேப் வாசலில் நின்றார், கடைசியில் சித்தி நகை போய்த்தான் படம் வெள்ளிக்கிழமை மேட்னிக்கு வந்தது. காலைக் காட்சி போனது போனதுதான்.

ராதிகாவுக்கே சினிமாவில் அடி விழுந்திருக்கிறது. ராடான் தயாரித்த ஜக்குபாய் 2010ல் ரிலீஸ் ஆவதற்கு முன்பே இணையத்தில் வந்துவிட்டது. ஆனால் கவனியுங்கள், அதே நேரத்தில் செல்லமே தினமும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அடி விழும்போது இன்னொரு பக்கம் அடுப்பு எரிய வேண்டும், அதைத்தான் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தக்காலடிவி:

சினிமாவிலிருந்து டிவிக்கு வந்தவர் ராதிகா மட்டும் இல்லை. தூர்தர்ஷன் காலத்திலேயே ஏவிஎம் ஒரு மனிதனின் கதை எடுத்தது, சிவசங்கரி கதை, ரகுவரன் குடிகாரனாக நடித்தார், ஊரே பார்த்தது. பாலசந்தரும் வந்தார். ஆனால் அவர்கள் பிடி சினிமாவிலேயே இருந்தது. தினசரித் தொடரையே பிரதானத் தொழிலாக எடுத்து, கம்பெனியைப் பங்குச் சந்தை வரை கொண்டுபோனவர் ராதிகா. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

பஞ்சுமில்தெரு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நெகட்டிவ்பெட்டி அண்ணா, நீங்கள் சொன்னது வலித்தது, ஆனால் தெரிய வேண்டிய விஷயம். அப்படியானால் முகமும் பணமும் இல்லாதவர் எங்கே தொடங்குவது?

சாலிகிராமம்வாசி:

புரொடக்‌ஷன் மேனேஜருக்குக் கீழே சேருங்கள் தங்கை. ஒரு வருடம் வவுச்சர் எழுதுங்கள். எந்த நடிகருக்கு எந்தத் தேதி, எந்த வீடு எத்தனை மணிக்குக் காலி, ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல், சாப்பாடு எத்தனை பேருக்கு என்பது கைவிரலில் இருக்க வேண்டும். சேனல் பட்ஜெட் கொடுக்கும் இன்றைய முறையில், அந்தத் தொகைக்குள் முடித்துக் கொடுக்கத் தெரிந்தவரை நம்பித்தான் பொறுப்பைக் கொடுக்கிறார்கள். எனக்குக் கீழே வவுச்சர் எழுதிய ஒரு பெண் இன்று இரண்டு தொடர்களுக்கு எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர். பணம் போட்டவர் வேறு, எடுத்துக் கொடுப்பவர் இவர். கொடுத்த பேட்டாவுக்குக் கையெழுத்து வாங்காமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போக மாட்டார்.

பஞ்சுமில்தெரு:

அண்ணா, இது முழுவதையும் நேற்று ராத்திரி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மழையில் வண்டி நின்றதே, அந்த டேப் போய்ச் சேர்ந்ததா என்று.

சாலிகிராமம்வாசி:

சேர்ந்தது என்று சொல்லுங்கள். எட்டு ஐம்பதுக்கு.