செல்லூர் வீட்டுக் குழு: ஆறு ‘பி’யும் ஒரு சேகண்டியும்

ஞாயிறு, காலை 6:41

கார்த்தி அத்தான்: (ஒலிக் கோப்பு, 46 நிமிடம்)

கார்த்தி அத்தான்: நேற்று ராத்திரி இதை இங்கே ஜெர்மனியில், லைப்சிக் அரங்கில் உட்கார்ந்து கேட்டேன். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி. எல்லோரும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முழுசாகக் கேட்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது.

மேலூர் மாமா: 46 நிமிஷமா? அதற்குள் ஒரு கல்யாணத்தையே முடித்து ஸ்பீக்கர் பாக்ஸைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவேனே.

வில்லாபுரம் அத்தை: டேய், அங்கே இப்போது ராத்திரி ரெண்டு மணிதானே. படுக்காமல் என்ன செய்கிறாய்?

கார்த்தி அத்தான்: தூக்கம் வரவில்லை அம்மா.

பெரியப்பா: (தாமரைப் படம், இனிய காலை வணக்கம்)

பெரியப்பா: கேட்கிறேன் மருமகனே. வாக்கிங் போவதற்கு முன் போடுகிறேன்.

7:03

பெரியப்பா: ஆரம்பத்தில் மாடி வீட்டுக்காரர்கள் பீரோ நகர்த்துகிறார்கள் என்று நினைத்தேன். மேலே போய்க் கதவைத் தட்டிக் கேட்டும் விட்டேன். பாவம், தூக்கத்தில் இருந்தார்கள். இந்தப் பாட்டுதான் அதுவா?

கார்த்தி அத்தான்: அதுதான் மாமா. பசூன் என்று ஒரு நீளமான குழல். அதற்கும் கீழே டபுள் பேஸ் என்கிற பெரிய வயலின்.

சித்தி: எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. வால்யூமைக் கடைசி வரை ஏற்றிவிட்டேன்.

கார்த்தி அத்தான்: ஏற்றாதீர்கள்! குறையுங்கள், குறையுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு இடம் வரும்.

7:12

வில்லாபுரம் அத்தை: அட நாசமாய்ப் போக

வில்லாபுரம் அத்தை: (குரல் பதிவு, 0:09)

நான்: அத்தை, குரல் பதிவில் ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

வில்லாபுரம் அத்தை: பால் சட்டி. போனை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். நல்லாத்தான் போனது. அப்புறம் அடங்கி, அடங்கி, கடைசி மூச்சு இழுக்கிற மாதிரி ஆனது. சரி, முடிந்துவிட்டது என்று இடுக்கியைப் போட்டுச் சட்டியை இறக்கினேன். டமார்! பாதிப் பால் மேடையில், பாதி என் சேலையில்.

சித்தி: மதினி, இங்கேயும் அதே கதைதான். இவர் பேப்பரைக் கிழித்துவிட்டார். நாய் இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

சித்தப்பா: கிழிக்கவில்லை. தானாகக் கிழிந்தது.

கார்த்தி அத்தான்: மன்னித்துவிடுங்கள் அம்மா. சொல்லியிருக்க வேண்டும். மெதுவாக வாசி என்பதற்கு அங்கே ‘பி’ என்று எழுதுவார்கள். ரொம்ப மெதுவாக என்றால் ரெண்டு ‘பி’. மூன்று வந்தாலே பெரிய விஷயம். இந்த மனிதர் அந்த இடத்தில் ஆறு ‘பி’ போட்டிருக்கிறார். எழுதியது பசூனுக்கு. அவ்வளவு மெதுவாக அதில் ஊத முடியாது என்று பெரும்பாலும் பேஸ் கிளாரினெட்டிடம் கொடுத்துவிடுவார்கள். அடுத்த நொடியே மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து அடி.

மேலூர் மாமா: வேண்டுமென்றேதான் செய்திருக்கிறான் ஆளு.

மேலூர் மாமா: நான் சொல்கிறேன் கேளுங்கள். நம் சினிமாப் பாட்டு ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். பந்தலில் போட்டால் சமையல்கட்டு வரை ஒரே சீராகக் கேட்க வேண்டும், அதற்குத்தான் அப்படி. இது கிணற்று அடியில் ஆரம்பித்து தெற்குக் கோபுர உச்சிக்குப் போகிறது. போன் ஸ்பீக்கரில் கிணறும் கேட்காது, கோபுரமும் கேட்காது. பேஸ் சுத்தமாக வராது. ஹெட்போன் போடுங்கள். இல்லை, என் பாக்ஸைக் கொண்டு வருகிறேன்.

சித்தி: உங்கள் பாக்ஸ் வந்தால் தெருவே எழுந்து வரும்.

வில்லாபுரம் அத்தை: இதற்குப் பேர் என்ன?

கார்த்தி அத்தான்: பதேதிக்.

வில்லாபுரம் அத்தை: பதட்டம் என்றே பேர் வைத்திருக்கிறான். பொருத்தம்தான்.

கார்த்தி அத்தான்: கிட்டத்தட்ட அப்படித்தான் அம்மா. ரஷ்ய மொழியில் அவர் வைத்த பேருக்கு உணர்ச்சி மிகுந்தது என்று அர்த்தம்.

7:40

நான்: ரெண்டாவது தடவை போட்டேன். அந்த இடம் வரும் என்று தெரிந்தே கேட்டால் பயம் இன்னும் கூடுகிறது. வெடிப்பதற்கு முன்பே கை மயிர் எழுந்து நிற்கிறது. 2011இல் மான்ட்ரியலில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். பிடித்த இசையில் புல்லரிக்கிற இடத்தில் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் சுரக்கிறது, அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதும் சுரக்கிறதாம்.

பெரியப்பா: இதற்கு ஸ்கேன் எதற்கு அம்மா? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயலே எழுதி வைத்திருக்கிறார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளே நடப்பது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. உன் கை மயிர் நின்றது மெய்ப்பாடு. உன் அத்தை பாலைக் கொட்டியதும் மெய்ப்பாடு.

வில்லாபுரம் அத்தை: அண்ணே, லிட்டர் என்ன விலை தெரியுமா உங்கள் மெய்ப்பாடு?

சித்தப்பா: ரெண்டாவது பகுதிக்கு வந்துவிட்டேன். ஒரு விஷயம் கவனித்தீர்களா? வால்ட்ஸ் மாதிரி ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறது. ஆனால் காலை எடுத்து வைத்தால் இடறுகிறது. தொடையில் தட்டிப் பார்த்தேன். தக தகிட, தக தகிட. அஞ்சு!

கார்த்தி அத்தான்: சரியாகப் பிடித்துவிட்டீர்கள் மாமா. வால்ட்ஸ் என்றால் மூன்று எண்ணிக்கை. இது அஞ்சு. நொண்டி வால்ட்ஸ் என்று இங்கே கிண்டலாகச் சொல்வார்கள்.

சித்தப்பா: நொண்டியாவது? நம் ஊரில் அதற்குப் பேர் கண்ட சாபு. ரெண்டு வருஷம் மிருதங்கம் படித்தது இன்றைக்குத்தான் உதவியிருக்கிறது.

சித்தி: அந்த மிருதங்கத்தின் மேல்தான் இப்போது அரிசி மூட்டை இருக்கிறது.

மேலூர் மாமா: என்ன இருந்தாலும் நம்ம பண்ணைப்புரத்துக்காரர் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் போய் சிம்பொனி வாசிக்க வைத்தாரே, அது போல வருமா?

பெரியப்பா: மதுரை ஜில்லாவாக இருந்த ஊர் அது. நம் ஆள்தான். ஆனால் அதற்கும் இதற்கும் போட்டி எதற்கு? திருவாதவூர்க்காரர் பாடிய திருவாசகத்தையே 2005இல் புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து வாசிக்க வைத்தவர் அவர்.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

நான்: மாமா, என்ன நீக்கினீர்கள்?

மேலூர் மாமா: வேறு குழுவுக்குப் போக வேண்டியது. ஜெனரேட்டர் வாடகைக் கணக்கு.

8:15

சித்தப்பா: மூன்றாவது பகுதி!!! தல்லாகுளத்தில் அழகருக்கு எதிர்சேவை அன்று நிற்கிற மாதிரி இருக்கிறது. தூரத்தில் கொட்டு, அப்புறம் கிட்டத்தில், அப்புறம் கூட்டம் தள்ளுகிறது, அப்புறம் நம் வாயிலிருந்தே கோவிந்தா வந்துவிடும். உட்கார்ந்து கேட்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

சித்தி: எழுந்து நின்றது மட்டுமில்லை. கரண்டியை வைத்து ஆர்க்கெஸ்ட்ரா நடத்தினார். சட்னி சுவரில் இருக்கிறது.

சித்தப்பா: முடிந்ததும் கை தட்டினேன். அருமை மாப்பிள்ளை. இத்தோடு முடிகிறதுதானே?

கார்த்தி அத்தான்: இல்லை மாமா. எல்லோரும் அங்கே ஏமாறுகிறார்கள். நேற்று அரங்கிலும் பாதிப் பேர் தட்டிவிட்டார்கள். நடத்துநர் திரும்பவே இல்லை. கையைத் தூக்கியபடியே நின்றார். கைதட்டல் வெட்கப்பட்டு அடங்கியது. அப்புறம் நாலாவது ஆரம்பித்தது.

8:31

சித்தப்பா: அழகர் மலைக்குத் திரும்பிப் போன மறுநாள் ஆற்றுக்குள் போய் நின்றிருக்கிறேன். நசுங்கிய தண்ணீர்ப் பாக்கெட், ஒற்றைச் செருப்பு, பந்தல் பிரிக்கிற ஆள் ரெண்டு பேர். அது மாதிரி இருக்கிறது. எனக்குப் போதும், மிச்சத்தைப் பிறகு கேட்கிறேன்.

வில்லாபுரம் அத்தை: நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் பேசாதீர்கள்.

வில்லாபுரம் அத்தை: மீனா வாங்கித் தந்த ஹெட்போனில் கேட்கிறேன். டேய், இந்த நாலாவதில் அழுகிறது ஒருத்தியா, ரெண்டு பேரா? சத்தம் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் மாறி மாறி வருகிறது.

கார்த்தி அத்தான்: அம்மா!

கார்த்தி அத்தான்: இதை நான் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் காதால் பிடித்துவிட்டீர்கள். அந்த மெட்டை யாருமே வாசிப்பதில்லை. முதல் வயலின்காரர்களுக்கு ஒரு ஸ்வரம், ரெண்டாம் வயலின்காரர்களுக்கு அடுத்த ஸ்வரம், இப்படி மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். தனியாகக் கேட்டால் ரெண்டு பக்கமும் சம்பந்தம் இல்லாமல் குதிக்கும். சேர்ந்தால்தான் அந்த மெட்டு. அந்தக் காலத்தில் ரெண்டு கூட்டமும் மேடையில் எதிரெதிரே உட்காரும். இந்தப் பதிவும் அப்படி உட்கார்ந்து வாசித்ததுதான்.

வில்லாபுரம் அத்தை: இதிலென்ன புத்தகம்? ஒப்பாரி அப்படித்தான் வைப்பார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நான் ஒரு சொல் எடுப்பேன், உன் பெரியத்தை அடுத்த சொல் எடுப்பாள். எனக்கு மூச்சு முட்டும் இடத்தில் அவள் வாங்கிக்கொள்வாள்.

கார்த்தி அத்தான்: பின்னால் அதே மெட்டு திரும்பி வரும்போது பிரிக்கவில்லை அம்மா. முழுசையும் முதல் வயலினுக்கே கொடுத்துவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

வில்லாபுரம் அத்தை: துணைக்கு வந்தவர்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். அப்புறம் ஒருத்திதான் வைக்க வேண்டும்.

8:44

பெரியப்பா: இந்த ஆள் இதை எழுதியபோது யாருக்கு இழவு, மருமகனே? அழுகைக்கு நாலு காரணம் சொல்வார்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை. இது எது?

கார்த்தி அத்தான்: யாருக்கும் சரியாகத் தெரியாது மாமா. உள்ளே ஒரு கதை இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்றாராம். 1893 அக்டோபர் 28 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் அவரே நின்று நடத்தினார். கேட்டவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் கலைந்தார்கள். ஒன்பதாம் நாள், நவம்பர் 6, இறந்துவிட்டார். வயது 53. காலரா என்றார்கள். நவம்பர் 18 அன்று அவர் நினைவாக மறுபடி வாசித்தபோது அதே இசைக்கு ஊரே கலங்கிப்போனது.

சித்தி: முதல் நாள் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பன்னிரண்டு நாளுக்கு முன்னால் போன ஆளின் இசையைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்பது வேறுதானே.

கார்த்தி அத்தான்: இன்னொன்று, இதைத் தன் தங்கை மகனுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

பெரியப்பா: அப்படியென்றால் தாய்மாமன் சீர்!

கார்த்தி அத்தான்: ஆமாம் மாமா. எனக்கு ரெண்டு தாய்மாமன் இருக்கிறீர்கள். ஒரு சிம்பொனிகூட வரவில்லை.

சித்தப்பா: காது குத்துக்குக் கடுக்கன் போட்டது யார்? அன்றைக்கு நீ போட்ட சத்தத்துக்கு ஆறு ‘பி’ இல்லை, அறுபது ‘பி’ போட்டாலும் அடங்கியிருக்காது.

8:52

வில்லாபுரம் அத்தை: கார்த்தி

வில்லாபுரம் அத்தை: முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் சேகண்டி அடிக்கிறார்களே. ஒரே ஒரு அடி.

கார்த்தி அத்தான்: ஆமாம் அம்மா. டாம் டாம் என்று சொல்வார்கள். பெரிய வெண்கலத் தட்டு. 46 நிமிடத்தில் அதற்கு அந்த ஒரு அடிதான். ஓங்கி அடிப்பதும் இல்லை, லேசாகத்தான்.

வில்லாபுரம் அத்தை: அதற்காகத்தான் அனுப்பினாயா?

8:57

கார்த்தி அத்தான்: அப்பாவைத் தூக்கும்போது மேலூர் மாமா வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தார். படம் பந்தல் காலிலேயே நின்றுவிட்டது. வாழை மரமும் ஒரு பச்சைச் சட்டையும்தான் தெரிந்தது. சத்தம் மட்டும் வந்தது. சங்கு கேட்டது, நீங்கள் கத்தியது கேட்டது, அப்புறம் சேகண்டி. தெருமுனை திரும்பும் வரை கேட்டது. மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். நேற்று அந்த ஒரு அடி விழுந்ததும் பக்கத்து இருக்கைப் பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு கைக்குட்டையை நீட்டினார்.

மேலூர் மாமா: படம் நின்றது எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. கை ஆடக் கூடாது என்று ரெண்டு கையாலும் பிடித்திருந்தேன். நீ எல்லாவற்றையும் பார்க்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்தி அத்தான்: தெரியும் மாமா. அதனால்தான் சொல்லவில்லை.

சித்தி: (கைகூப்பும் படம்)

9:06

வில்லாபுரம் அத்தை: கேட்டு முடித்தேன். எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. அடியில் அந்தப் பீரோ நகர்த்துகிற சத்தம்தான் நெஞ்சு அடிக்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பார்த்தால் போன் திரையே அணைந்துவிட்டது.

கார்த்தி அத்தான்: அரங்கிலும் அப்படித்தான் அம்மா. ரொம்ப நேரம் யாரும் தட்டவில்லை.

வில்லாபுரம் அத்தை: சரி, அங்கே விடியப்போகிறது. போய்ப் படு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படு.

கார்த்தி அத்தான்: சரி அம்மா.

மேலூர் மாமா: மதினி, சாயங்காலம் பெரிய பாக்ஸ் ரெண்டையும் வில்லாபுரத்துக்குக் கொண்டு வருகிறேன். அந்த அடி போனில் கேட்கிற சத்தமில்லை.

வில்லாபுரம் அத்தை: வா தம்பி. வரும்போது ஒரு லிட்டர் பால் வாங்கிக்கொண்டு வா.