'ஹாய் நான்னா': அந்த வீட்டில் நாய் இருக்கலாமா?

வெண்திரை: தெலுங்குப் படம் 'ஹாய் நான்னா' பற்றி 'தாயில்லாமல் மகளை வளர்க்கும் அப்பாவின் காதல் கதை, நோயைக்கூட அச்சு அசலாகக் காட்டிய படம்' என்று நேற்று இங்கே ஒரு புகழாரம். என்ன அச்சு அசல்? மகள் மகிக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் சளி கோந்தாக இறுகும் நோய். அதே வீட்டில் புளூட்டோ என்று ஒரு நாய்! மகளே உயிர் என்று இருக்கும் அப்பா நாயை உள்ளே விடுவாரா?

குன்னூர்குளிர்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். அது மரபணு நோய் சார். 7ஆம் குரோமோசோமில் இருக்கிற சிஎஃப்டிஆர் மரபணு அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதாக வந்தால்தான் பிள்ளைக்கு வரும். நாயால் வராது.

வெண்திரை: வரும்னு யார் சொன்னா? இருக்கிற நோய் முற்றும்னு சொல்றேன். நாய் முடி!

குன்னூர்குளிர்: ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கு நாயை விரட்டத் தேவையில்லை. பயப்பட வேண்டியது தேங்கின தண்ணீருக்கு, அதில் சூடோமோனாஸ் கிருமி இருக்கும். மக்கின வைக்கோலுக்கு, அதில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. இதே நோயுள்ள இன்னொரு பிள்ளையிடமிருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்கணும். மருந்தை ஆவி மாதிரி ஆக்கி உள்ளிழுக்க வைக்கும் நெபுலைசரின் கப்பைக் குழாய்த் தண்ணீரில் அலசி ஈரத்தோடு மூடி வைக்கிறாங்க பாருங்க, ஆபத்து அங்கே. சோப்பு போட்டுக் கழுவி, 5 நிமிஷம் கொதிக்கவைத்து, காற்றில் உலர்த்தணும்.

மாட்னிஷோ: நாயை விடுங்கப்பா. 2023 டிசம்பரில் வந்த படத்துக்கு இப்போ சண்டையா? 'தெய்வத் திருமகள்' பேச்சிலும் வெண்திரை இப்படித்தான். அதில் 'ஐ ஆம் சாம்' ஆங்கிலப் படத்தின் சாயல் இருக்குன்னு நான் சொன்னப்போ கடைசிவரை ஒத்துக்கலை.

வெண்திரை: அந்தப் பழைய பஞ்சாயத்து இங்கே எதுக்கு? நாய்க்குப் பதில் சொல்லுங்க.

குன்னூர்குளிர்: அந்த அப்பாவோட வேலை என்னன்னு தெரிஞ்சா நாயைப் பிடிச்சுத் தொங்க மாட்டீங்க. காலையில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. அடுத்து 7 சதவீத உப்புக்கரைசல் 4 மில்லி, நெபுலைசரில். பிறகு நெஞ்சிலும் முதுகிலும் தட்டிச் சளியை வெளியே எடுக்கணும். உள்ளிழுக்கும் ஆன்டிபயாடிக் அதுக்கப்புறம்தான். முந்திக் கொடுத்தா மருந்து சளி மேலேயே தங்கிடும். சாயங்காலம் மறுபடி தட்டணும். கணையம் அடைபட்ட பிள்ளைன்னா ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் செரிக்கவைக்கும் என்சைம் மாத்திரை. தவறினா கொழுப்பு செரிக்காம மலத்தில் எண்ணெயாப் போகும், எடை ஏறாது. படம் நடக்கிற மும்பை வெயிலில் உப்பும் கூடுதலாக் கொடுக்கணும். இந்தப் பிள்ளைகளின் நெற்றியில் முத்தம் வெச்சா உதட்டில் உப்புக் கரிக்கும். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொடுவதை, தாண்டுவதை வெச்சுத்தான் நோயையே உறுதி செய்றாங்க.

மாட்னிஷோ: 'சாயல்'னு அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா நான் இதை எடுத்திருக்கவே மாட்டேன்.

வெண்திரை: பாடம் நடத்தினது போதும். நாய்க்கு முடி கொட்டுமா கொட்டாதா?

குன்னூர்குளிர்: கொட்டும். ஒவ்வாமை இருக்கான்னு தோலில் ஊசிமுனையால் குத்தினா 15 நிமிஷத்தில் தெரிஞ்சிடும். இல்லைன்னா நாய் இருக்கலாம். எத்தனை தடவை சொல்றது?

வெண்திரை: அந்த ஊசி படத்தில் எந்தக் காட்சியில் வருது?