பிரெட் ஹார்ட், கர்ட் ஆங்கிள்: இருவரும் உச்சத்தில் இருக்கும்போது மோதினால் யார் ஜெயிப்பார்?

மூணாவது கயிறு:

ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் தொழில்முறை மல்யுத்த மேட்ச் இது. இவர்கள் இருவரும் தங்கள் நல்ல காலத்தில் ஒரே ரிங்கில் நின்றதே இல்லை. 1997 நவம்பரில் மான்ட்ரியாலில் நடந்த அந்த சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியோடு பிரெட் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். கர்ட் டிவியில் அறிமுகமானது 1999 நவம்பரில், அதே சர்வைவர் சீரிஸ் மேடையில். அடுத்த மாதமே போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ-வில் கோல்ட்பர்க் விட்ட உதை பிரெட்டின் தலையில் விழுந்தது. 2000-இல் அவர் ஆட்டத்தையே நிறுத்திக்கொண்டார். சரியாக இரண்டே வருட இடைவெளியில் தவறிப்போன மேட்ச்.

என் நிபந்தனைகள்: ரெஸில்மேனியா 13 நிகழ்ச்சியில் பார்த்தோமே, அந்த 1997 மார்ச் மாத பிரெட். சம்மர்ஸ்லாமில் பிராக் லெஸ்னரையே டேப் அவுட் செய்ய (தோல்வியை ஒப்புக்கொண்டு தட்ட) வைத்த 2003 ஆகஸ்ட் மாத கர்ட். ஒரே ஃபால். பின் (தோள்களை மூன்று எண்ணும் வரை தரையில் அழுத்துவது) அல்லது சப்மிஷன் (பிடியில் பணியவைப்பது). நாற்காலி கிடையாது, வெளியாட்கள் வரக்கூடாது, நேர வரம்பு இல்லை.

எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்ததுதானே என்று எழுத நினைப்பவர்களுக்கு: அது எல்லோருக்கும் தெரியும். ரிங்குக்குள் இவர்கள் காட்டிய பாணியை வைத்து, அந்தக் கதைக்குள் நின்று பேசுவோம். யார் ஜெயிப்பார், எப்படி ஜெயிப்பார் என்று இரண்டையும் சொல்லுங்கள்.

---

தங்கப்பதக்கம்96:

கர்ட். யோசிக்கவே வேண்டியதில்லை.

ஒரே ஒரு ஒப்பீடு போதும். ரெஸில்மேனியா 13-இல் ஸ்டீவ் ஆஸ்டின் பிரெட்டின் ஷார்ப்ஷூட்டரில் (கால்களைப் பின்னி, குப்புறப் புரட்டி முதுகை வளைக்கும் பிடி) சிக்கியும் டேப் அவுட் செய்யவில்லை. மயங்கிப்போன பிறகுதான் நடுவர் கென் ஷாம்ராக் மேட்சை நிறுத்தினார். அதே ஆஸ்டின் 2001 அன்ஃபர்கிவனில், பிட்ஸ்பர்க்கில், கர்ட்டின் கணுக்கால் பிடியில் சிக்கி மேட்டை (ரிங்கின் தரையை) தட்டிவிட்டார். ஷான் மைக்கேல்ஸும் அப்படித்தான். 1996 ரெஸில்மேனியாவில் பிரெட் ஒரு மணி நேரம் போராடியும் அவரைத் தட்டவைக்க முடியவில்லை. 2005 ரெஸில்மேனியாவில் கர்ட் தட்டவைத்தார்.

இதற்கு மேல் என்ன வேண்டும் ப்ரோ? ஒருவர் ஒலிம்பிக் சாம்பியன். கழுத்து உடைந்த நிலையில் அட்லாண்டாவில் 100 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். வலியைக் காட்டி அவரைப் பணியவைக்க முடியாது.

---

பழைய டேப்:

பிரெட். பின்ஃபால். அதுவும் கணுக்கால் பிடிக்குள் இருந்தே.

ஆஸ்டின் கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், எந்த விவாதத்திலும் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். ரெஸில்மேனியா 13-ஐ மறுபடி ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள் நண்பரே. பிரெட் நேராகப் போய் ஷார்ப்ஷூட்டர் போடவில்லை. கட்டுப் போட்டிருந்த ஆஸ்டினின் முழங்காலை எடுத்துக்கொண்டு அதையே உடைத்துக்கொண்டிருந்தார். ரிங் போஸ்ட்டைச் சுற்றி ஃபிகர் ஃபோர் என்ற கால் பூட்டைப் போட்டார். கடைசியில்தான் ஷார்ப்ஷூட்டர். முகமெல்லாம் ரத்தம் வழிய ஆஸ்டின் கைகளை ஊன்றி எழும்பி, ஒரு கட்டத்தில் பிடியை ஏறக்குறைய உடைத்தே விட்டார். பிரெட் கால்களை விடவில்லை, திரும்பவும் இறுக்கி உட்கார்ந்தார். ஆஸ்டின் தட்டாதது ஆஸ்டினின் பெருமை. ஆனால் அந்தப் பிடியிலிருந்து அவர் வெளியே வரவும் இல்லை. அதை யாரும் சொல்வதில்லை.

மைக்கேல்ஸ் விஷயத்திலும் இதே கதைதான். 1996-இல் அறுபதாவது நிமிடம் முடியும்போது மைக்கேல்ஸ் ஷார்ப்ஷூட்டருக்குள்தான் கிடந்தார். மணி அடித்ததால் தப்பினார்.

சரி, இதெல்லாம் பக்கவாட்டுப் பேச்சு. நான் சொல்ல வந்தது வேறு. பிரெட் என்றதும் எல்லோரும் ஷார்ப்ஷூட்டரையே நினைக்கிறார்கள். ஆனால் தன்னைவிட வேகமான, பலமான, ஆபத்தான ஆட்கள் வந்தபோதெல்லாம் அவர் எப்படி ஜெயித்தார் என்று பாருங்கள். 1993 கிங் ஆஃப் தி ரிங், ஒரே இரவில் மூன்று மேட்ச். ரேஸர் ரமோன் மேல் கயிற்றிலிருந்து பிரெட்டைப் பின்பக்கமாகத் தூக்கிப் போடப் பார்த்தார். பிரெட் காற்றிலேயே உடம்பைத் திருப்பி அவர் மேல் விழுந்தார், ஒன்று, இரண்டு, மூன்று. மிஸ்டர் பெர்ஃபெக்ட் ஸ்மால் பேக்கேஜ் (எதிராளியைச் சுருட்டி மடக்கும் பின்) போட்டார். அதே பிடியை அப்படியே புரட்டி பிரெட் பின் எடுத்தார். பாம் பாம் பிகிலோ மாதிரி ஒரு மலையை விக்டரி ரோலில் (தோளில் ஏறி உருட்டி எடுக்கும் பின்) சுருட்டினார். மூன்றில் ஒன்றுகூட ஷார்ப்ஷூட்டர் இல்லை. மூன்றுமே எதிராளி போட்ட திட்டத்துக்குள்ளிருந்து திருடி எடுத்த பின்ஃபால்.

அப்புறம் 1992 ரெஸில்மேனியாவில் ராடி பைப்பர், 1996 சர்வைவர் சீரிஸில் ஆஸ்டின். இரண்டு பேரும் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டினார்கள். இரண்டு தடவையும் பிரெட் செய்தது ஒன்றேதான்: கால்களை ரிங் மூலையின் டர்ன்பக்கிளில் வைத்து உதைத்து, பூட்டியவரோடு சேர்ந்தே பின்பக்கமாக விழுந்தார். கீழே கிடப்பவர் தன் பிடி இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் தோள்கள் மேட்டில் இருக்கின்றன. நடுவர் எண்ணி முடித்துவிடுகிறார். ஆஸ்டின் அதற்கு நான்கு வருடத்துக்கு முன்பு நடந்த அந்தப் பைப்பர் மேட்சைப் பார்த்திருந்தால் பிடியை விட்டிருப்பார். எனக்கு மல்யுத்தத்தில் இதைவிட அழகான ஒன்று கிடையாது. அடித்து ஜெயிப்பதில்லை, எதிராளியின் பிடிவாதத்தையே அவருக்கு எதிராகத் திருப்பிவிடுவது.

இப்போது கர்ட்டிடம் வருகிறேன். அவருடைய பெரிய பலமே விடாப்பிடிதான். காலைப் பிடித்தால் விடமாட்டார். எதிராளி உருண்டால் அவரும் கூடவே உருண்டு மறுபடி பிடிப்பார். ஜெர்மன் சப்ளெக்ஸ் (பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பின்பக்கமாக எறிவது) போட ஆரம்பித்தால் ஒன்றோடு நிற்காது. இடுப்பில் கைகளைப் பூட்டியபடியே அடுத்ததற்கு எழுந்துவிடுவார். ஆனால் எதிராளி முடிந்தார் என்று அவருக்குத் தோன்றும் நொடியில் தன் உடையின் தோள்வார் இரண்டையும் இறக்குவார் பாருங்கள், அந்த நொடிக்குப் பிறகு அவர் மனதில் கணுக்கால் தவிர வேறு எதுவும் இல்லை. எட்டி கெரேரோ இதைத்தான் பிடித்தார். 2004 ரெஸில்மேனியாவில் தன் பூட்ஸ் கயிற்றைத் தானே தளர்த்திவிட்டுக் காத்திருந்தார். கர்ட் வந்து காலைப் பிடித்தார். பூட்ஸ் கழன்று கர்ட்டின் கையோடு போயிற்று. அவர் சுதாரிப்பதற்குள் ஸ்மால் பேக்கேஜ், மூன்று எண்ணிக்கை, மேட்ச் முடிந்தது. உலகத்திலேயே சிறந்த அமெச்சூர் மல்யுத்த வீரரை எட்டி தோள்பட்டையில்தான் தோற்கடித்தார். எட்டியால் முடிந்தது பிரெட்டால் முடியாதா? பிரெட்டுக்குப் பூட்ஸைக் கழற்றக்கூட வேண்டாம்.

இன்னொன்று. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கர்ட் ஆடிய ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் முதுகு மேட்டைப் பார்த்தால் புள்ளி போகும், தோள்கள் பட்டால் மேட்சே போகும். அதனால் ஆபத்து வந்தால் குப்புறப் புரண்டு வயிற்றை மேட்டோடு ஒட்டிக்கொள்வது அந்த வீரர்களின் ரத்தத்தில் ஊறியது. ஷார்ப்ஷூட்டருக்கு என்ன வேண்டும்? எதிராளி குப்புற விழ வேண்டும். கால்களைப் பின்னிய பிறகு மற்றவர்களைப் புரட்டுவதற்குத்தான் பிரெட் பாடுபடுவார். கர்ட் பாதி தூரம் தானாகவே புரண்டு கொடுப்பார். தப்பிப்பதற்காக அவர் உடம்பு பழகிய அசைவே அவரைப் பிடிக்குள் கொண்டுபோய் விடும்.

வலி தாங்குவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1994 சர்வைவர் சீரிஸில் பாப் பேக்லண்ட், அவரும் கல்லூரி அமெச்சூர் சாம்பியன்தான், கிராஸ்ஃபேஸ் சிக்கன்விங் என்ற பிடியில் பிரெட்டைப் பல நிமிடம் பூட்டி வைத்திருந்தார். பிரெட் கைவிடவில்லை. தம்பி ஓவன் நாடகமாடி அம்மாவைத் தோல்வியை ஒப்புக்கொள்ளும் துண்டை வீச வைத்ததால்தான் பட்டம் போயிற்று. எனவே கணுக்கால் பிடியில் பிரெட் உடனே தட்டிவிடுவார் என்ற நினைப்பை விட்டுவிடலாம்.

---

கார்னர் சீட்:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா, ஆனால் பாதி ஆதாரத்தை விட்டுவிட்டீர்கள்.

ரெஸில்மேனியா 10. பிரெட் விக்டரி ரோலுக்குப் போனார். ஓவன் அதே இடத்தில் மேலே உட்கார்ந்து பின் எடுத்தார். திருட வந்தவரிடமிருந்தே திருடிவிட்டார். ஓவன் செய்ததை கர்ட் செய்யமாட்டாரா?

அமெச்சூர் பழக்கத்தைப் பலவீனமாகக் காட்டினீர்கள். தன் தோள் எங்கே இருக்கிறது, எதிராளியின் தோள் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில்கூட அறிந்தவர் கர்ட். 2006 நோ வே அவுட்டில் அண்டர்டேக்கர் அவர் கழுத்தை முக்கோணமாகப் பூட்டியிருந்தபோது, அந்தப் பிடிக்குள்ளேயே அவரை மடித்து மூன்று எண்ணிக்கை வாங்கினார். நீங்கள் பிரெட்டுக்குச் சொன்ன அதே வித்தை.

ஒரு சின்ன விஷயமும் இருக்கிறது. கர்ட் கணுக்காலைப் பிடித்த பிறகு கீழே விழுந்து தன் கால்களால் எதிராளியின் காலைப் பின்னிக்கொள்வார். மைக்கேல்ஸை முடித்தது அதுதான். பின்னிய பிறகு எப்படி உருளுவது, எந்த டர்ன்பக்கிளை உதைப்பது?

---

பழைய டேப்:

கார்னர் சீட் தம்பி, இது நல்ல கேள்வி. ஓவன் விஷயத்தை முதலில் சொல்கிறேன்.

ஓவன் வெளியாள் இல்லை. அப்பா ஸ்டூ ஹார்ட் தன் வீட்டு நிலவறையில்தான் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். பிரெட்டின் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று குழந்தையிலிருந்து தெரிந்த ஒருவரால் முடிந்தது அது. கர்ட் பிரெட்டை முதல் முறையாகச் சந்திக்கிறார்.

அண்டர்டேக்கர் மேட்ச் சரியான உதாரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்டர்டேக்கர் ஏன் மாட்டினார்? அந்த முக்கோணப் பிடியைப் போடுபவர் தன் முதுகை மேட்டில் வைத்துத்தான் போட வேண்டும். தோள்கள் ஏற்கெனவே கீழே இருக்கின்றன, கர்ட் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. பிரெட் தன் முக்கியமான பிடியை எழுந்து நின்று போடுகிறார். அங்கே மடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கால் பின்னுவதுதான் உண்மையான ஆபத்து. பின்னிவிட்டால் பிரெட்டுக்குக் கயிறு மட்டுமே வழி, அதைத் தொட்டால் கர்ட் பிடியை விட்டாக வேண்டும். அதனால் என் மேட்ச் இப்படிப் போகும். முதல் பதினைந்து நிமிடம் கர்ட்டுடையது, மேட் மல்யுத்தத்தில் பிரெட் அவரை நெருங்க முடியாது. பிரெட் டர்ன்பக்கிளில் நெஞ்சடிக்கப் போய் மோதி விழுவாரே, அந்த விழுதல் ஒன்று உண்டு. கர்ட் ஜெர்மன் சப்ளெக்ஸ்களை அடுக்குவார். பிரெட் நடுவில் முழங்காலையே குறிவைத்து அடிப்பார், ஏனென்றால் கர்ட்டின் சப்ளெக்ஸ் எல்லாம் காலிலிருந்து வருவது. முதல் ஷார்ப்ஷூட்டரில் கர்ட் கயிற்றைத் தொட்டுவிடுவார். பிறகு கர்ட்டின் ஆங்கிள் ஸ்லாம் வீச்சு, இரண்டே முக்கால் எண்ணிக்கை, கூட்டம் எழுந்து நிற்கும். கர்ட் தோள்வாரை இறக்குவார். கணுக்காலைப் பிடிப்பார்.

இங்கேதான். பிடித்ததற்கும், கீழே விழுந்து பின்னுவதற்கும் நடுவே கர்ட் சில நொடி நின்றுகொண்டு முறுக்குவார். எல்லா மேட்சிலும் நின்று முறுக்குவார், எதிராளி கயிற்றை நோக்கித் தவழ்வதை இழுத்து நடுவுக்குக் கொண்டுவருவதற்காக. பிரெட் தவழமாட்டார். தலையைக் கீழே விட்டு முன்பக்கமாக உருளுவார். மற்றவர்கள் உருண்டு கர்ட்டைக் கயிற்றில் எறிவார்கள். பிரெட் எறியமாட்டார், உருளும்போதே கர்ட்டின் தொடைக்குப் பின்னால் கையைக் கொடுத்து அவரையும் கூடவே மடக்கிக்கொண்டு வருவார். கர்ட்டின் இரண்டு கைகளும் கணுக்காலில் இருக்கும். விட்டால் தோளைத் தூக்கலாம். அவர் விடமாட்டார். மூன்று.

---

தங்கப்பதக்கம்96:

விட்டுவிடுவார் ப்ரோ! ஒலிம்பிக் இறுதிப் போட்டி 1-1 என்று முடிந்து நடுவர்கள் தீர்ப்பில் ஜெயித்தவர் அவர். ஒவ்வொரு நொடியும் எங்கே போகிறது என்று கணக்கு வைப்பவர்.

ஆனால் அந்த உருளல் மனக்கண்ணில் ஓடுகிறது, மறுக்கமாட்டேன்.

---

மூணாவது கயிறு:

இரண்டாவது மேட்ச் வைத்தால்?

---

பழைய டேப்:

இரண்டாவது கர்ட்டுக்கு. ஒருமுறை பார்த்த வித்தையில் அவர் மறுபடி விழமாட்டார், நிற்காமல் நேராகக் கால் பின்னிவிடுவார். பிரெட் ரொம்ப நேரம் தாங்குவார், ஆனால் தட்டுவார்.

மூன்றாவதுக்கு அறுபது நிமிட ஐயன் மேன் (நேரம் முடியும்போது அதிக ஃபால் எடுத்தவர் ஜெயிக்கும் மேட்ச்) வேண்டும். இரண்டு பேருமே தங்கள் பெயர்பெற்ற ஒரு மணி நேர மேட்சில் தோற்றவர்கள்: பிரெட் 1996-இல் மைக்கேல்ஸிடம் கூடுதல் நேரத்தில், கர்ட் 2003-இல் ஸ்மாக்டவுனில் லெஸ்னரிடம் 5-4 என்று. அதற்கு யார் பக்கம் நிற்பது என்று எனக்குள்ளேயே இன்னும் சண்டை நடக்கிறது. தனித் திரி போடுங்கள், அங்கே வருகிறேன்.