தோற்கப்போகும் கொலை வழக்கை வக்கீல் ஏன் எடுக்கிறார்?

மேல்காற்று:
பிணத்தின் பக்கத்தில் ஆளின் மூக்குக்கண்ணாடி. அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டும் விட்டார். அந்த வழக்கை ஒருவர் எடுத்தால் ஒன்று பணத்துக்கு, இல்லை பெயருக்கு. வேறு காரணம் உண்டா?

கருப்பங்கி:
அந்தக் கண்ணாடி 1924-இல் சிகாகோவில் நிஜமாகவே கிடைத்தது. 14 வயதுப் பையனைக் கொன்றதாக லியோபோல்டும் லோபும் ஒப்புக்கொண்டார்கள். வக்கீல் கிளாரன்ஸ் டாரோ மறுக்கவே இல்லை. நீதிமன்றத்திலும் குற்றத்தை ஏற்கவைத்தார். அப்படிச் செய்தால் ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்லும் பன்னிரண்டு பொதுமக்கள், கிடையாது, தண்டனையை நீதிபதி தனியாக முடிவு செய்யவேண்டும். பன்னிரண்டு பேர் கூடித் தூக்கு என்பது சுலபம், தனியாளுக்குக் கை நடுங்கும். அதுதான் அவர் கணக்கு. தூக்கு விழவில்லை, ஆயுளும் அதன்மேல் 99 ஆண்டும். இது தோல்வியா?

மேல்காற்று:
பணக்கார வீட்டுப் பிள்ளைகள், டாரோ வந்தார். இல்லாதவனுக்கு யார் வருவார்?

பழையசாட்சி:
நியாயமான கேள்வி. கர்க் பிளட்ஸ்வொர்த் இல்லாதவர்தான். அமெரிக்காவின் மேரிலாண்டில் ஒரு சிறுமி கொலை. ஐந்து பேர் அவரை அடையாளம் காட்டினார்கள், 1985-இல் மரண தண்டனை. 1993-இல் டிஎன்ஏ சோதனை அவர் இல்லை என்றது. ஐந்து சாட்சி என்றதும் எல்லாரும் கைவிட்டிருந்தால்?

மேல்காற்று:
சரி, அப்பாவியை விடுங்கள். கட்சிக்காரர் தனியறையில் "நான்தான் செய்தேன்" என்கிறார். அப்புறம்?

கருப்பங்கி:
அப்புறம் என் கை பாதி கட்டப்பட்டுவிடும். அன்று அவர் வேறு ஊரில் இருந்தார் என்று சாட்சி நிறுத்த முடியாது, பொய் என்று எனக்கே தெரியுமே. ஆனால் இருட்டில் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்று கேட்கலாம். திட்டமிட்ட கொலையா, சண்டையில் கைமீறியதா என்று வாதாடலாம். தண்டனையே அதில்தான் மாறும்.

மேல்காற்று:
அந்த 'எவ்வளவு தூரம்' கேள்வியை என் அக்காவிடம் கேட்டார்கள். இரண்டு நாள் கூண்டில் நின்றாள். "பொய் சொல்கிறாய்" என்று திரும்பத் திரும்ப. சாட்சியைச் சோதிக்கலாம், அசிங்கப்படுத்தலாமா?

கருப்பங்கி:
கூடாது. நீதிபதி தடுத்திருக்கவேண்டும். அந்த வக்கீலுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். தீர்ப்பு என்ன வந்தது?

மேல்காற்று:
தண்டனை வந்தது. அக்கா இன்னும் கோர்ட் இருக்கிற தெரு வழியாகப் போகமாட்டாள்.